ஆங்கிலத்தில் ‘டையர்’ என்றால் ‘கொடிய’ என்பது சரியா? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குடியாத்தத்தில் இருந்துகொண்டு போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள். ஆங்கில நாளிதழில் பாலாற்றங்கரை ஊர்களைப் பற்றிய செய்தியில் ‘டையர் நீட் ஆஃப் வாட்டர்’ என்று வந்திருக்கிறது. டி, ஐ, ஆர், இ என்ற நான்கே எழுத்துள்ள சொல். அகராதியைப் புரட்டினால் ‘கொடிய, பயங்கரமான’ என்று போட்டிருக்கிறது. ‘கொடிய தண்ணீர்த் தேவை’ என்று தமிழில் யாரும் சொல்ல மாட்டார்களே, அப்படியானால் இதன் சரியான பொருள் என்ன, ‘டெரிபிள்’, ‘ஹாரிபிள்’ ஆகியவற்றிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது, ‘கடவுளின் கோபம்’ என்ற லத்தீன் சொற்கள் சேர்ந்துதான் இது உண்டானது என்று ஒருவர் சொன்னது உண்மையா, இவைதான் உங்கள் சந்தேகங்கள்.

இளவயதில் பாதிரியார் ஆவதற்காக நான்கு வருடம் குருமடத்தில் லத்தீன் படித்தேன். அப்புறம் அந்தப் பாதையை விட்டுவிட்டு, வேலூரில் ஆங்கிலம் கற்பித்தே ஓய்வுபெற்றேன். லத்தீன் நூல்களில் இந்தச் சொல் வரும் இடங்களைப் பற்றி நான் சொல்வது நேரடியாகப் படித்தது. லத்தீனுக்கும் முந்தைய வேர்களைப் பற்றிச் சொல்வது, மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் ஒப்பியல் அறிஞர்களை நம்பிச் சொல்வது. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

‘டையர்’ என்ற சொல் லத்தீனில் ‘தீருஸ்’. ‘தீ’ என்று நெடிலாக உச்சரிக்க வேண்டும். ‘பயங்கரமான’ என்ற பொருள் அதற்கு உண்டுதான். ஆனால் அதன் உயிர் இருக்கும் இடம் வேறு. கேடு வரப்போகிறது என்று முன்கூட்டியே காட்டும் அறிகுறிக்குத்தான் ரோமானியர்கள் இந்தச் சொல்லை வைத்திருந்தார்கள். நம் ஊர்ப் பேச்சில் கெட்ட சகுனம், துர்க்குறி. ரோமில் குறி பார்ப்பது அரசாங்க வேலை. அதற்கென்றே ஒரு குழு இருந்தது. அவர்கள் குறிகளை ஐந்தாகப் பிரித்தார்கள்: வானத்தில் இடி மின்னல், பறவைகள் பறப்பதும் கத்துவதும், குறி பார்ப்பதற்கென்றே வளர்த்த கோழிகள் தீனியைக் கொத்தும் விதம், நாலுகால் விலங்குகளின் நடமாட்டம், ஐந்தாவதாக இந்தத் ‘தீருஸ்’ வகை. தானாக வந்து எதிர்ப்படும் அபசகுனங்கள் எல்லாம் அந்த ஐந்தாவதில் அடங்கும்.

இதே சொல்லின் பன்மை வடிவம் ‘தீரே’. அதற்குச் சாபம் என்ற பொருளும் உண்டு. கி.மு. 55-ல் நடந்ததைச் சொன்னால் சட்டென்று பிடிபடும். கிராஸஸ் என்ற பெரும் பணக்காரத் தளபதி, ஈரான் பக்கத்தை ஆண்ட பார்த்தியர்கள் மீது படையெடுக்க ரோமை விட்டுப் புறப்படுகிறார். அது அநியாயமான போர் என்று அத்தேயுஸ் என்ற மக்கள் பிரதிநிதி தடுத்துப் பார்க்கிறார், முடியவில்லை. உடனே முன்னால் ஓடி, நகர வாசலில் கனல் சட்டியை வைத்து, சாம்பிராணியைத் தூவி, பழைய தெய்வங்களின் பெயர்களைச் சொல்லிக் கிராஸஸ் மீது சாபமிடுகிறார். கிராஸஸ் அதையும் தாண்டிப் போனார். இரண்டு வருடம் கழித்து, இன்றைய துருக்கியில் இருக்கும் கார்ஹே என்ற இடத்தில் அவரும் அவர் மகனும் இறந்தார்கள். ரோமானியர் 20,000 பேர் மாண்டதாகக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். ரோமானிய அறிஞர் சிசரோ குறிகளைப் பற்றி எழுதிய நூலில் இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது வருவது ‘தீரே’ என்ற சொல்தான். அந்த அறிவிப்பை மதிக்காமல் போனதால் வந்த அழிவு என்று அங்கே பேசப்படுகிறது.

குருமடத்தில் இதைப் படித்தபோது எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தார். ஒடுகத்தூர் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு புளியமரம் இருந்தது. ராத்திரியில் ஆந்தை அலறினால் பாட்டி எழுந்து போய் அடுப்பைக் கிளறி, தணலில் ஒரு கை கல்லுப்பைப் போடுவார். அது படபடவென்று வெடிக்கும். வெடித்து அடங்கும்வரை அங்கேயே நிற்பார், எங்களோடு பேச மாட்டார். அந்த நேரத்தில் பாட்டியின் முகத்தில் இருந்ததைத்தான் ‘தீருஸ்’ என்ற சொல் பிடித்து வைத்திருக்கிறது. எதுவும் இன்னும் நடக்கவில்லை. ஆனால் நடக்கப்போவது வாசலுக்கு வந்துவிட்டது.

லத்தீன் மகாகவி விர்ஜிலும் ஆந்தையைத்தான் கொண்டுவருகிறார். அவருடைய காவியத்தின் கடைசிப் பகுதியில் துர்னுஸ் என்ற வீரனுக்கு முடிவுக் காலம் நெருங்குகிறது. கடவுள் ‘தீரே’ என்ற பெண் தெய்வங்களில் ஒருத்தியை அனுப்புகிறார். அவள், கல்லறைகளிலும் ஆளில்லாத கூரைகளிலும் இரவில் உட்கார்ந்து கத்தும் சிறு பறவையாகத் தன்னைச் சுருக்கிக்கொண்டு துர்னுஸின் கேடயத்தில் வந்து வந்து சிறகால் அடிக்கிறாள். அவனுக்கு மயிர் சிலிர்த்து, குரல் அடைத்துப் போகிறது.

தமிழில் இதற்கு நேர் நிகராக எனக்குத் தோன்றுவது சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை. மதுரைக்குப் புறத்தே ஆயர் சேரியில் காலையில் பார்த்தால் குடத்துப் பால் உறையவில்லை, எருதின் கண்ணில் நீர் வடிகிறது, வெண்ணெய் உருகவில்லை, பசுவின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. மாதரி சொல்வது ‘வருவது ஒன்று உண்டு’. கோவலன் கொலையுண்ட செய்தி அப்போது சேரிக்கு வந்து சேரவில்லை. ‘டையர்’ என்பதன் முழுப் பொருளும் அந்த மூன்று சொற்களில் இருக்கிறது. வகுப்பில் நான் இந்தச் சொல்லை விளக்க இதைத்தான் எடுத்துக்கொள்வேன், ஒருமுறை கேட்டவர்கள் மறந்ததில்லை.

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் 1560-களில் வந்தது. லத்தீன் படித்தவர்கள் புத்தகத்திலிருந்து நேராக எடுத்துக்கொண்ட சொல் இது, பிரெஞ்சு வழியாக மக்கள் வாயில் புழங்கி வந்ததாகத் தெரியவில்லை. ஷேக்ஸ்பியர் இதன் பழைய வாசனை தெரிந்தே பயன்படுத்துகிறார். ‘மேக்பெத்’ நாடகத்தில் அரசனைக் கொன்றாயிற்று, ஆனால் பிணத்தை இன்னும் யாரும் பார்க்கவில்லை. அப்போது ஒருவன் வந்து, ராத்திரி புகைபோக்கிகள் சாய்ந்தன, காற்றில் ஓலம் கேட்டது, ‘டையர்’ ஆன கலவரங்களை முன்னுரைக்கும் குரல்கள் கேட்டன, இருட்டுப் பறவை இரவெல்லாம் அலறியது என்று சொல்கிறான். இங்கேயும் ஆந்தை.

சரி, நம் ஊருக்கு வருவோம். ‘டையர் வார்னிங்’ என்ற தொடருக்கு வேலூர்க் கோட்டையைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. 1806 ஜூலை 10-ம் தேதி அதிகாலையில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். புதுத் தலைப்பாகை, நெற்றியில் இடும் குறிகளுக்குத் தடை, தாடி மீசை பற்றிய உத்தரவு என்று மாதக்கணக்காகப் புகைந்துகொண்டிருந்த விவகாரம். அதற்கு முந்தைய மாதமே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் மேலதிகாரியிடம் போய், இப்படி ஒன்று நடக்கப்போகிறது என்று சொல்லியிருக்கிறார். அதிகாரிகள் அவரைப் பைத்தியக்காரன் என்று ஒதுக்கிக் காவலில் வைத்தார்கள். ஜூலை 10 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள் இறந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்த பிறகு அதைவிட அதிகமான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலை ‘டெரிபிள்’, கோட்டைக்குள் கண்ட காட்சி ‘ஹாரிபிள்’, முஸ்தபா பேக் ஜூன் மாதத்தில் சொன்ன வார்த்தை ‘டையர்’. மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இப்படித்தான் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் பாலாற்றுத் தண்ணீர். ‘டையர் நீட்’ என்பதில் அபசகுனம் எங்கே என்று கேட்பீர்கள். காலப்போக்கில் சகுனம் மறைந்துவிட்டது, அதன் நிழல் தங்கிவிட்டது. இந்தத் தேவை நிறைவேறாமல் போனால் பின்னால் பெரிய கேடு காத்திருக்கிறது என்ற எச்சரிக்கை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ‘டையர் கான்சிக்வென்சஸ்’ என்றால் வரப்போகும் விபரீத விளைவுகள். ‘விபரீதம்’ என்று நம் ஊரில் சொல்கிறோமே, ‘விபரீதமா ஏதாவது ஆகிடப்போகுது’ என்று, அது ‘கொடிய’ என்பதைவிட ஆயிரம் மடங்கு நெருக்கமான சொல். ‘டையர் ஸ்ட்ரெயிட்ஸ்’ என்ற தொடரில் ‘ஸ்ட்ரெயிட்’ என்பது இடுங்கிய வழி, குறுகலான கடல் பாதை. நாம் சாதாரணமாகச் சொல்லும் ‘சங்கடம்’ என்ற வடமொழிச் சொல்லுக்கும் முதற்பொருள் குறுகல், நெருக்கமான வழி என்பதுதான். ஆக, ‘டையர் ஸ்ட்ரெயிட்ஸ்’ என்பதைப் ‘பெரும் சங்கடம்’ என்று எழுதினால் உள்ளுக்குள் இருக்கும் படமும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

அடுத்தது ‘கடவுளின் கோபம்’. லத்தீனில் ‘தேயி ஈரா’ என்றால் கடவுளின் கோபம். ‘தேயி ஈரா’ சுருங்கி ‘தீரா’ ஆனது என்பது விளக்கம். உங்களுக்குச் சொன்னவர் இதைத் தானாக இட்டுக்கட்டவில்லை. ரோமானிய அகராதிக்காரர் ஃபெஸ்துஸின் நூல் சுருக்கத்திலேயே ‘தீருஸ் என்பது கடவுளின் கோபத்தால் பிறந்தது’ என்று இருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் வருடப் பழமை உள்ள தவறு இது. தவறு என்று உறுதியாகவே சொல்லலாம், ஏனென்றால் லத்தீனில் இரண்டு சொற்கள் அப்படி ஒட்டிச் சுருங்கி உரிச்சொல் ஆவதில்லை. ஆனால் அவர்கள் ஏன் அப்படி நினைத்தார்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. நம் கிராமங்களில் மழை பொய்த்தாலும் அம்மை போட்டாலும் ‘தெய்வக் குத்தம்’ என்கிறார்களே, அதே மனம்தான். இறந்தோர் திருப்பலியில் முன்பு பாடிவந்த ‘தியேஸ் ஈரே’ என்ற லத்தீன் பாட்டையும் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அதன் பொருள் ‘கோபத்தின் நாள்’. அதில் வருவது ‘ஈரா’, நம் சொல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

‘தீருஸ்’, ‘தீது’, ‘தீ’ என்று ஒலி ஒத்துப்போவதைப் பார்த்துவிட்டு இது தமிழிலிருந்து போனது என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். தமிழ் மேல் உள்ள அன்பில் சொல்கிறார்கள், அந்த அன்பு எனக்கும் உண்டு. ஆனால் ஒலி ஒற்றுமை மட்டும் போதாது. இந்தச் சொல்லின் முதல் எழுத்து ஆதியில் ‘த’ மட்டுமாக இருக்கவில்லை, ‘த்வ’ என்று இருந்தது. கிரேக்கத்தில் இதன் உடன்பிறப்பு ‘தெய்னோஸ்’, அச்சமூட்டுகிற என்று பொருள். அச்சத்துக்கே அங்கே ‘தெயோஸ்’ என்று பெயர். இந்தக் கிரேக்கச் சொற்களில் ஒரு வகர ஒலி இருந்து மறைந்ததற்குத் தடயம் உண்டு. இந்த உறவைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பழைய லத்தீனில் சொல்லின் தொடக்கத்தில் ‘த்வ’ வந்தால் அது பிற்காலத்தில் ‘ப’ ஆகிவிடும். போருக்குப் பழைய சொல் ‘துவெல்லும்’, பிந்தைய சொல் ‘பெல்லும்’. ‘நல்ல’ என்பதற்குப் பழைய சொல் ‘துவோனோஸ்’, அப்புறம் ‘போனுஸ்’. நீங்கள் தீபாவளிக்கு வாங்கும் போனஸ் அதுதான். இந்த விதிப்படி நம் சொல் ‘பீருஸ்’ என்று ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஏன்? விர்ஜிலுக்கு உரை எழுதிய செர்வியுஸ் ஓரிடத்தில், நாம் கெட்டவை என்று சொல்வதைச் சபைனரும் உம்பிரியரும் இந்தச் சொல்லால் குறிப்பார்கள் என்கிறார். அவர்கள் ரோமுக்குப் பக்கத்து மக்கள், லத்தீனுக்கு நெருங்கிய மொழி பேசியவர்கள். ஒலி மாற்றத்தில் உள்ள முரணும் செர்வியுஸின் குறிப்பும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன: ரோமானியர்கள் இந்தச் சொல்லை அக்கம்பக்கத்தாரிடம் கடன் வாங்கியிருக்கலாம். இது வலுவான ஊகம், முடிந்த முடிவு என்று நான் சொல்ல மாட்டேன்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நவாபு ஆண்ட ஆற்காட்டுச் சீமையில் ‘ஒரே பேஜாராப் போச்சு’ என்று சொல்லாதவர் யார்? அந்தப் ‘பேஜார்’ பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. தமிழில் துன்பத்துக்குச் சொல் இல்லாமலா வாங்கினோம்? பக்கத்தில் வாழ்கிறவர்களின் சொல் சில நேரம் நம்முடையதைவிட ஆழமாகக் குத்துகிறது. ரோமானியருக்கும் ‘கெட்ட’ என்பதற்குச் சொந்தச் சொல் இருந்தது. பயபக்தியோடு சொல்ல வேண்டிய கெட்டதற்கு மட்டும் பக்கத்து ஊர்ச் சொல்லை வைத்துக்கொண்டார்கள் போலும்.

இன்னும் பின்னோக்கிப் போனால் சந்தேகம் கூடுகிறது. இதே ‘த்வ’ வேரோடு வடமொழி ‘த்வேஷம்’, அதாவது நம் துவேஷம், உறவுடையது என்று ஒரு கருத்து உண்டு. அச்சமும் வெறுப்பும் பக்கத்துப் பக்கத்து உணர்வுகள்தான், பொருள் பொருந்துகிறது. ஆனாலும் எல்லோரும் ஏற்கவில்லை. தேர்வில் எழுதாதீர்கள்.

‘ஹாரிபிள்’ பற்றி மேலே போகிற போக்கில் சொன்னேன், அதையும் விளக்க வேண்டும். அதன் லத்தீன் வினைச்சொல் ‘ஹோர்ரேரே’, பொருள் ‘சிலிர்த்து நிற்பது’. முள்ளம்பன்றி முள்ளை விரிப்பது போல உடம்பு மயிர் குத்திட்டு நிற்பது. ஆங்கிலத்தில் ‘ஹாரிட்’ என்ற சொல் 16-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்தபோது அதற்குச் சொரசொரப்பான, சிலிர்த்து நிற்கிற என்றுகூடப் பொருள் இருந்தது. இதே வேரிலிருந்து வடமொழியில் வந்தது ‘ஹர்ஷம்’, மகிழ்ச்சி! இது ஒப்பியலில் நன்கு ஏற்கப்பட்ட உறவு. குழந்தைக்கு ஹர்ஷினி என்று பெயர் வைக்கிறவர்களும் பேய்ப்படத்தை ‘ஹாரர்’ என்கிறவர்களும் ஒரே வேரைத்தான் பேசுகிறார்கள். உடம்பு சிலிர்ப்பது பயத்திலும் நடக்கும், சந்தோஷத்திலும் நடக்கும் அல்லவா. லத்தீன் பயத்தின் பக்கம் போனது, வடமொழி மகிழ்ச்சியின் பக்கம் போனது. தமிழ் இரண்டையும் விடவில்லை: பேயைப் பார்த்தாலும் மயிர்க்கூச்செறிகிறது, சாமி ஊர்வலம் பார்த்தாலும் புல்லரிக்கிறது. ‘டெரிபிள்’ இவ்வளவு சுவாரசியம் இல்லை. அதன் வேர் ‘தெர்ரேரே’, அச்சுறுத்துவது, அவ்வளவுதான்.

கிரேக்கத் ‘தெய்னோஸ்’ நாளடைவில் வேறு வழியில் போய், ‘அசாத்தியமான, கெட்டிக்காரத்தனமான’ என்ற பொருளையும் எடுத்துக்கொண்டது. ‘பயங்கரமா பாடுறான்’ என்று நாம் பாராட்டுவதைப் போல. 1842-ல் ரிச்சர்ட் ஓவன் ‘டைனோசர்’ என்று பெயர் வைத்தபோது இந்தச் சொல்லைத்தான் எடுத்தார், அச்சமூட்டும் பல்லி என்ற பொருளில். 1858-ல் ஜோசப் லைடி, அழிந்துபோன ஒரு பெரிய ஓநாய்க்கு லத்தீனிலிருந்து ‘தீருஸ்’ என்று பெயர் வைத்தார். அக்கா தங்கை இருவரும் இப்படி ஆளுக்கொரு மிருகத்தின் பெயரில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் ஆங்கில ‘டையர்’ பாராட்டாக மாறவில்லை. பிரிட்டனில் பேச்சுவழக்கில் படுமட்டமான நாடகத்தையோ சாப்பாட்டையோ ‘டையர்’ என்பார்கள், அது மட்டும்தான் அதன் புதுப் பொருள்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சொல் ஆட்களோடு ஒட்டாது. கொடிய மனிதன் என்பதை ‘டையர் மேன்’ என்று எழுதினால் ஆங்கிலத்தில் உறுத்தும். லத்தீனில் கவிஞர் ஹொராஸ், ரோமோடு போரிட்ட கார்த்தேஜ் தளபதி ஹானிபாலைத் ‘தீருஸ்’ என்றார், ரோமுக்கே காலனாக வந்தவன் என்பதால் அங்கே அது பொருந்தியது. இன்றைய ஆங்கிலத்தில் தேவை, வறுமை, நிலைமை, எச்சரிக்கை, விளைவு ஆகியவற்றோடு சேர்த்து எழுதுங்கள். அப்புறம், சத்துவாச்சாரி நீதிமன்றப் பக்கம் போனால் ‘வ்வார் டிர்’ என்ற தொடர் காதில் விழலாம். சின்னக் குழந்தை சாட்சி சொல்ல வந்தால், அதற்கு விவரம் புரிகிறதா என்று நீதிபதி முதலில் சில கேள்விகள் கேட்டுப் பார்ப்பார், அதற்கு அந்தப் பெயர். அதில் இரண்டாவது சொல்லுக்கும் இதே நான்கு எழுத்துகள்தான். ஆனால் அது ‘சொல்வது’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். லத்தீன் ‘தீகெரே’ என்ற வேரிலிருந்து வந்தது. உங்கள் கேள்விக்கும் அதற்கும் எழுத்தில் மட்டும்தான் உறவு.

நீங்கள் அனுப்பிய அந்த நாளிதழ் வரியை நான் மொழிபெயர்த்தால் இப்படி எழுதுவேன்: ‘பாலாற்றங்கரை ஊர்கள் தண்ணீருக்குத் தவியாய்த் தவிக்கின்றன.’ இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால், ‘உடனே தண்ணீர் கிடைக்காவிட்டால் விபரீதம்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.